குன்னூரிலிருந்து கொடைக்கானல்: ஒரே நாளில் இரண்டு மலைப்பாதை, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள்

வெலிங்டன்வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் குன்னூரிலிருந்து காரில் கொடைக்கானல் போகிறோம். மேட்டுப்பாளையம் இறங்கி, உடுமலை, பழனி வழியாக மேலே ஏறுவதாகத் திட்டம். மொத்தம் 240 கிலோமீட்டர் பக்கம் வருகிறது. வண்டி ஐந்து சீட். அவர் ஓட்டுவார், முன்னால் அத்தை (முழங்கால் வலி, பின்னால் உட்கார முடியாது), பின்னால் நானும் பிள்ளைகளும்.

பெரியவளுக்கு 8 வயது. கொண்டை ஊசி வளைவில் நாலு திரும்பினாலே வாந்தி. சின்னவனுக்கு 3 வயது. வாந்தி இல்லை, ஆனால் இறங்கும்போது காதைப் பிடித்துக்கொண்டு அழுவான். அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார மாட்டான். போனைக் கொடுத்தால் அடங்குவான், அதைப் பார்த்து அவளும் எட்டிப் பார்ப்பாள், உடனே குமட்டல்.

எத்தனை மணிக்குக் கிளம்பலாம், என்ன சாப்பிடக் கொடுக்கலாம், மாத்திரை கொடுக்கலாமா, என்ன விளையாட்டு? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கொண்டைஊசி (சுற்றுலா வண்டி ஓட்டுநர்):

அக்கா, முதல்ல ஓட்டுறவர்கிட்ட இருந்து ஆரம்பிக்கறேனுங்க. பிள்ளைங்க வாந்தியில பாதி ஸ்டீயரிங்ல இருந்துதான் வருது. வளைவுக்குள்ள போன பிறகு பிரேக் மிதிச்சா தலை முன்னாலயும் பக்கவாட்டிலயும் ஒரே நேரத்துல ஆடும். அதுதான் வயித்தைக் கலக்குறது. வளைவுக்கு 30, 40 மீட்டர் முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, கியரை இறக்கி, வளைவு முழுக்க ஒரே சீரா உருட்டணும். வெளிய வரும்போதும் ஆக்ஸிலரேட்டரை மெதுவாத்தான் கொடுக்கணும். கொண்டை ஊசி வளைவுல 15, 20-க்கு மேல வேண்டாம்.

இறங்கும்போது இரண்டாவது கியர். ஏறுறதுக்கு எந்த கியரோ இறங்குறதுக்கும் அதே. ஆட்டோமேட்டிக் வண்டின்னா டி-யில விட்டுட்டு பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது, எல் இல்லைன்னா மேனுவல் மோடுக்கு மாத்திக்கணும். பிரேக் சூடானா வர்ற கருகின வாசனை இருக்கே, வாந்தி வர்ற குழந்தைக்கு அது ஒண்ணே போதும். வாசனை வந்துட்டா அகலமான இடமாப் பார்த்து நிறுத்தி 15, 20 நிமிஷம் ஆற விடுங்க. வீல்ல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சுடும்.

கார் பெர்ஃப்யூமை முந்தின நாளே கழட்டி வெச்சிருங்க. ஏசியை உள்காத்தையே சுத்துற மாதிரி வெச்சா கொஞ்ச நேரத்துலயே காத்து கெட்டுப் போயிரும். மலையில வெளிக்காத்து வர்ற மாதிரி மாத்துங்க, இல்லைன்னா ஜன்னலை நாலு விரல் இறக்குங்க. முன்னாடி பஸ்ஸோ லாரியோ புகை விட்டுட்டுப் போனா, முந்தறதுக்கு அவசரப்படாம ஒரு வளைவு தூரம் பின்வாங்கிப் போங்க. பிள்ளைக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது.

நேரம்: காலை ஆறரைக்குக் குன்னூரை விட்டு இறங்குங்க. பர்லியார்ல 20 நிமிஷம் நிறுத்தினாலும் எட்டு மணிக்கு மேட்டுப்பாளையம். அங்கதான் டிபன். அப்புறம் கோயமுத்தூர் டவுனுக்குள்ள போய் சிக்னல் சிக்னலா நிக்காதீங்க. அன்னூர், கருமத்தம்பட்டி, பல்லடம், குடிமங்கலம் வழியா உடுமலை பிடிச்சா வண்டி ஓடிட்டே இருக்கும். ஓடுற வண்டியில குழந்தை தூங்கும், நிக்கிற வண்டியில முழிச்சு அழும். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் பழனி. ஒரு மணி நேரம் ஓய்வு. ஒன்றரைக்கு மலை ஏறினா நாலு மணிக்குள்ள மேல. அதுக்கு மேல தாமதமானா மேல மூடுபனி இறங்கிடும்.

ஒண்ணு மறந்துடாதீங்க. சீசன்ல இறங்குற வண்டிகளைக் கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க. அன்னைக்கு அந்த ஏற்பாடு இருந்தா குன்னூர்ல இருந்து கோத்தகிரி சுத்தித்தான் இறங்கணும், முக்கால் மணி நேரம் கூடுதலா வெச்சுக்கோங்க.

---

உதகை_மருந்தாளுநர்:

சகோதரி, மாத்திரை பற்றி.

பயண வாந்தி ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வழி கிடைத்துவிடும். உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு 'நாம் திரும்புகிறோம், சாய்கிறோம்' என்று மூளைக்குச் சொல்கிறது. கண் போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டு 'எதுவும் அசையவில்லை' என்று சொல்கிறது. இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல். இரண்டு வயதுக்கு முன் இது அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம், பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும். உங்கள் மகள் சரியாக அந்த வயதில் இருக்கிறாள். சின்னவன் இன்னும் தொடங்காமல் இருக்கலாம், இந்தப் பயணத்திலேயே தொடங்கவும் செய்யலாம். அவனுக்கும் ஒரு மாற்று உடை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மருந்து என்றால் குழந்தைகளுக்கு வழக்கமாக எழுதித் தருவது புரோமெத்தசின் வகை. இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. அதற்கு மேல் அளவு எடையைப் பொறுத்தது. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது வேண்டாம். மருத்துவரிடம் எடையைச் சொல்லுங்கள், கூடவே 'காலையில் ஒரு மலை இறக்கம், ஆறேழு மணி நேரம் கழித்து ஒரு மலை ஏற்றம்' என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவது வேளை தேவையா, வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிளம்ப ஒரு மணி நேரம் முன் உள்ளே போயிருக்க வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு கொடுத்தால் அது வாந்தியோடு வெளியே வந்துவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சில குழந்தைகளுக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதில் படபடப்பும் அடமும் கொடுக்கும். அதனால் மருத்துவர் சம்மதித்தால் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே ஒரு வேளை கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது, சளிக்குக் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கிறது. அதுவும் தூக்கம் தரும் மருந்துதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

வயிற்றுப்போக்கு வாந்திக்குக் கொடுத்து மீந்த ஒன்டான்செட்ரான் வீட்டில் இருக்கும், பலரும் அதையே கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள். அது வயிற்றுக் கோளாறு வாந்திக்குக் கேட்கும். வளைவில் வரும் வாந்திக்குப் பெரிதாகக் கேட்காது.

சின்னவனின் காது: குன்னூர் சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். ஒன்றே கால் மணி நேரத்தில் 1,500 மீட்டர் இறங்குகிறோம். ஏறும்போது நடுக்காதில் இருக்கும் காற்று விரிந்து தொண்டைக் குழாய் வழியாகத் தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்றை உள்ளே விட அந்தக் குழாய் திறக்க வேண்டும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் திறக்கும். ஆகவே இறக்கம் முழுக்க இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர். தூங்கிக்கொண்டே இறங்கும் குழந்தை விழுங்குவது குறைவு, விழித்ததும் வலியில் அலறும். எனவே மலை அடிவாரத்தில் இருக்கும் கல்லாறு வரை அவனை விழித்திருக்க வையுங்கள், தூக்கம் அதற்குப் பிறகு. மிட்டாய், நிலக்கடலை, பட்டாணி மூன்று வயதுக் குழந்தைக்கு ஓடும் வண்டியில் கூடவே கூடாது. புரையேறி மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். கடும் சளியும் காதடைப்பும் இருக்கும் வாரத்தில் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

---

பெருமாள்மலை:

கொடைப் பக்கத்து விவரம் நான் சொல்கிறேன்.

இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா? உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்குக் கட்டாயம். உங்கள் டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிக்கு நீலகிரியில் வேண்டாம், இங்கே வேண்டும். முந்தைய நாளே எடுத்துப் படமாகச் சேமித்து வையுங்கள். சோதனைச் சாவடியில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்கும் பதினைந்து நிமிடம்தான் பிள்ளைகள் பொறுமை இழக்கும் நேரம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே தடை, பிடித்தால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஸ்டீல் பாட்டிலே கொண்டு வாருங்கள்.

பழனி மலைப்பாதை 64 கிலோமீட்டர். வத்தலக்குண்டு பாதையைவிடக் குறுகல், கடைகள் குறைவு. அதனால் பழனியிலேயே சிறுநீர் கழிக்க வைத்து, தண்ணீர் நிரப்பிவிட்டு ஏறுங்கள். வரதமாநதி அணை தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். ஒரே மூச்சில் ஏற வேண்டாம். சவரிக்காடு பக்கம் ஒரு பத்து நிமிடம் இறக்கி நடக்க விடுங்கள். உட்கார்ந்தபடி நிற்கும் வண்டியைவிட, தரையில் கால் ஊன்றி நடப்பதுதான் குமட்டலைத் தணிக்கும். நிறுத்தும் இடத்தில் குரங்கு இருந்தால் தின்பண்டத்தை வெளியே எடுக்கவே வேண்டாம். குழந்தையின் கையில் பை இருந்தால் நேராகப் பாயும்.

பழனியில் பஞ்சாமிர்தம் வாங்குவீர்கள். பிள்ளைகளுக்கு அதைக் கொடைக்கானல் சேர்ந்த பிறகு கொடுங்கள். நெய்யும் இனிப்பும் சேர்ந்த பண்டம் ஏற்றத்தில் அப்படியே மேலே வரும். மதியத்துக்குத் தயிர் சாதமோ ரசம் சாதமோ அரை வயிறு போதும். எண்ணெயில் பொரித்தது, பரோட்டா, பிரியாணி எதுவும் வேண்டாம். அதற்காகப் பட்டினி போட்டுக் கூட்டி வராதீர்கள். வெறும் வயிற்றில் குமட்டல் இன்னும் மோசம்.

---

மழலை (பாலர் பள்ளி ஆசிரியை, கோத்தகிரி):

தோழி, விளையாட்டு விஷயத்தில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மலைப்பாதையில் கண் வெளியே இருக்க வேண்டும், கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. புத்தகம், வண்ணம் தீட்டுவது, ஸ்டிக்கர் எல்லாம் மேட்டுப்பாளையத்துக்கும் பழனிக்கும் நடுவே. இந்த ஒரு பிரிவினையைக் கடைப்பிடித்தாலே பெரியவளின் சிரமம் பெருமளவு குறையும்.

இறங்கும்போது: மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. எண்ணை முதலில் கண்டு சத்தமாகச் சொல்வது பெரியவளின் வேலை. அதைப் பார்க்க அவள் தூரத்தில், வண்டி போகும் திசையில் பார்த்தாக வேண்டும். விளையாட்டே மருந்தாகிவிடுகிறது. சின்னவனுக்கு மரம் மாறுவதைக் காட்டுங்கள். மேலே தேயிலையும் சில்வர் ஓக்கும், பர்லியார் பக்கம் பலாவும் பாக்கும், கல்லாற்றில் பாக்குத் தோப்பு. 'பாக்கு மரம் வந்தால் ஸ்வெட்டரைக் கழற்றலாம்' என்று சொல்லி வைத்தால் அரை மணி நேரம் அதற்காகவே காத்திருப்பான். 'எப்பம்மா வரும்?' என்று கேட்கும் வயதில் மணிக்கணக்கு புரியாது, மரமும் பாலமும் புரியும்.

அழுத்தத்தைக் கண்ணால் காட்ட ஒரு சோதனை: கழுவிக் காயவைத்த மெல்லிய ஷாம்பு பாட்டில் ஒன்றைக் குன்னூரில் காற்றோடு இறுக மூடி அவள் பக்கத்தில் வையுங்கள். கல்லாறு வருவதற்குள் பக்கங்கள் உள்வாங்கிச் சப்பிப் போயிருக்கும். பழனியில் திறந்து மறுபடி மூடுங்கள். மேலே பெருமாள்மலை ஊர் வரும்போது உப்பிக்கொண்டு, திறந்தால் 'புஸ்' என்று சீறும். 'உன் தம்பி காதுக்குள்ளும் இதுதான் நடக்கிறது' என்று அவளிடமே சொல்லுங்கள். தம்பிக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொள்வாள்.

இதே காரணத்தால் ஸ்ட்ரா வைத்த சிப்பரில் கவனம். மலையேறி மேலே போய்த் திறந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து தண்ணீர் முகத்தில் பீய்ச்சும், உடை நனையும், மேலே குளிர் வேறு. பாதி ஏற்றத்தில் ஒரு முறை மூடியைத் திருகித் தளர்த்தி மூடுங்கள்.

சமவெளியில் நேரம் நிறைய இருக்கும். நம்பர் பிளேட் விளையாட்டுக்கு ஒரு தாளில் ஊர்களை எழுதிக் கொடுங்கள்: 43 நீலகிரி, 40 மேட்டுப்பாளையம், 39 திருப்பூர் வடக்கு, 57 திண்டுக்கல், 60 தேனி. கேரள, கர்நாடக வண்டிக்கு இரண்டு மதிப்பெண். பல்லடம் தாண்டி உடுமலை வரை காற்றாலைகள் வரிசையாக வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கம் பலம், அதனால்தான் அங்கே அத்தனை. சின்னவன் சுற்றுவதை எண்ணட்டும், பெரியவள் நிற்பதை எண்ணட்டும். எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விரலை மடக்கினால் போதும்.

சொல் சங்கிலியும் விடுகதையும் அத்தையிடம் விட்டுவிடுங்கள். முன் சீட்டில் இருந்து பாட்டி குரல் வந்தால் பிள்ளைகள் தானாக முன்னால் பார்ப்பார்கள். 'அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, ஆனாலும் அழ வைப்பாள்' என்று ஆரம்பித்தால் போதும், வெங்காயத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் ஓடும்.

போன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். திரை வேண்டாம், ஒலி வேண்டும். கதைகளையும் பாட்டுகளையும் முதல் நாளே இறக்கி வைத்து வண்டி ஸ்பீக்கரில் போடுங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும்.

---

வெலிங்டன்வாசி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பெரியவளை நடுவில் உட்கார வைத்தால் முன் கண்ணாடி தெரியும் என்கிறார்கள், செய்யலாமா? அத்தையைப் பின்னால் அனுப்பிவிட்டு அவளை முன்னால் வைக்கலாமா என்று அவர் கேட்கிறார். இன்னொன்று, எல்லாம் செய்தும் வாந்தி எடுத்துவிட்டால்? பாலித்தீன் கவர்தான் இதுவரை வைத்திருந்தோம். இங்கே அதுவும் தடை.

---

கொண்டைஊசி:

முன்னாடி வேண்டாங்க அக்கா. முன் சீட்ல காத்துப்பை (ஏர்பேக்) இருக்குது, அது பெரிய ஆள் உடம்புக்குக் கணக்குப் போட்டது. மடியில வெச்சு உட்கார்றது அதைவிட மோசம், பிரேக் அடிச்சா குழந்தை கையில நிக்காது. 14 வயசுக்குக் கீழ பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிப் போனா ஆயிரம் ரூபா அபராதம்னு 2019 சட்டத் திருத்தத்திலேயே இருக்குது.

நடு சீட்ல தோளுக்கு மேல வர்ற பெல்ட் இருந்தா அவளை அங்க வைங்க. வெறும் இடுப்பு பெல்ட்டுன்னா வேண்டாம், ஜன்னல் ஓரம்தான். உயரம் 145 செ.மீ. வர்ற வரைக்கும் பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கிற சீட்) வேணும். அதுல ஏறினா கண்ணும் ஜன்னலுக்கு மேல வரும், தூரத்து மலை தெரியும். வாந்திக்கே அது பாதி வைத்தியம். பெல்ட் கழுத்துல உரசாம தோள் நடுவுல வரணும், கீழ்ப் பட்டை வயித்து மேல இல்லாம தொடை மேல கிடக்கணும்.

சின்னவனுக்கு ஹார்னஸ் (தோளையும் இடுப்பையும் பிடிக்கிற பட்டை) வெச்ச குழந்தை சீட். தடி ஸ்வெட்டர் போட்டு ஹார்னஸ் மாட்டாதீங்க. பட்டை இறுகின மாதிரி தெரியும், உள்ள பஞ்சுதான் அமுங்கி இருக்கும். மெல்லிசு சட்டை போட்டு மாட்டி, தோள்பட்டை கிட்ட பட்டையை ரெண்டு விரல்ல கிள்ளிப் பாருங்க, மடிப்பு வரக் கூடாது. குளிருக்கு மேல ஒரு சால்வை போர்த்துங்க. கீழ வெயில்ல நிறுத்தினா சீட்டு மேல துண்டு போட்டு மூடுங்க, பக்கிள் கம்பி சுடும். பல்லடம் வெயில்ல 'ரெண்டு நிமிஷம்தானே'ன்னு பிள்ளைங்களை வண்டிக்குள்ள விட்டுட்டுக் கடைக்குப் போயிராதீங்க.

---

பெருமாள்மலை:

கவருக்குப் பதில் மூடி இறுகும் அகலவாய் டப்பா, ஒன்றரை இரண்டு லிட்டர் கொள்வது. ஐஸ்கிரீம் டப்பா கச்சிதமாக இருக்கும். அடியில் செய்தித்தாளைக் கசக்கிப் போடுங்கள், தெறிக்காது, ஈரத்தையும் உறிஞ்சும். இரண்டு டப்பா வேண்டும், ஒன்று உங்கள் காலடியிலேயே. டிக்கியில் வைத்தால் இல்லாததற்குச் சமம். அதோடு ஒரு துண்டு, ஈரத்துணி, அவளுக்கு ஒரு செட் உடை, உங்களுக்கும் ஒரு மேல்சட்டை. இதை நிறையப் பேர் மறப்பார்கள், வாந்தி விழுவதோ அம்மா மேல்தான். சீட்டில் பட்டால் துடைத்துவிட்டு ஒரு கைப்பிடி சமையல் சோடாவைத் தூவி, ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தட்டிவிடுங்கள். வாசனை தங்கிவிட்டால் அடுத்தவனும் ஆரம்பித்துவிடுவான்.

வருவதற்கு முன் அடையாளம் தெரியும்: பேச்சு நின்றுவிடும், கொட்டாவி, எச்சில் விழுங்குவது, உதடு வெளுப்பது. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருந்தாலே ஓட்டுபவரிடம் சொல்லி அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துங்கள். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' வேண்டாம்.

---

உதகை_மருந்தாளுநர்:

வாந்தி எடுத்த உடனே டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தால் மறுபடியும் வரும். வாயைக் கொப்பளிக்க வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு ஓஆர்எஸ் கரைசல் ஒரு தேக்கரண்டி, சில நிமிடம் விட்டு இன்னொன்று. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள், குறைத்தால் கெடுதல். வயிறு அடங்கிய பிறகு ரஸ்க், பொரி. இஞ்சி மொரப்பா சில பிள்ளைகளுக்குக் கேட்கிறது, 8 வயதுக்காரிக்குச் சுண்டுவிரல் நக அளவு வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுக்கலாம், சின்னவனுக்கு வேண்டாம். எலுமிச்சை முகர்வதில் தவறில்லை.

தரையில் இறங்கி ஒரு மணி நேரம் கழிந்தும் வாந்தி நிற்காமல் இருந்தாலோ, காய்ச்சலோ கடும் தலைவலியோ சேர்ந்து வந்தாலோ அது வளைவால் வந்தது என்று விட்டுவிடாதீர்கள், பழனியிலேயே மருத்துவரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள்.

---

மழலை:

திரும்பி வரும்போது வரிசை மாறும், தோழி. கொடையிலிருந்து பழனி இறக்கத்தில் சின்னவனின் காது, மேட்டுப்பாளையம் ஏற்றத்தில் பெரியவளின் வாந்தி. வளைவு எண்ணும் வேலையை அப்போது தம்பியோடு பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 14 வளைவு, ஆளுக்கு 7.